அடையாளம் தெரியாத பெண்

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம், அன்று காலை பத்து மணிக்குப் படத்திறப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். திறந்து வைப்பவர் என் மனைவியின் அண்ணன். பந்தலுக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்கு ஆள் பேசியாயிற்று. திறப்பதற்குத்தான் படம் இல்லை.

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பது. இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, துணியால் மூடி, பந்தலில் ஒரு நாற்காலியில் வைப்பார்கள். உறவில் மூத்தவர் வந்து துணியை விலக்குவார். அழுது ஓய்ந்திருக்கும் பெண்கள் அந்த முகத்தைப் பார்த்ததும் மறுபடி ஒருமுறை குலுங்கி அழுவார்கள். அதன் பிறகு அந்தப் படம் சுவரில் ஏறிவிடும். பிறந்தவர்களும் இனிப் பிறக்கப் போகிறவர்களும் அவரை அந்த முகமாகத்தான் அறிவார்கள்.

ஊரில் பெரிய கேமரா வைத்திருக்கும் ஒரே ஆள் நான். தேங்காய் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், ஆனாலும் "போட்டோக்காரர் வீடு எது?" என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். அந்த வீட்டில்தான் படம் இல்லை.

முதல் அடி என் மனைவி போன அன்றே விழுந்தது. பிளக்ஸ் அடிக்க அறந்தாங்கிக்குப் போன அவள் அண்ணன் அங்கிருந்து போன் செய்தார். "மாப்ள, தங்கச்சி படம் நல்லதா ஒண்ணு அனுப்புங்க. கடைக்காரரு கேக்குறாரு." நான் போனைத் தேடினேன். லேப்டாப்பைத் திறந்தேன். வெளியே சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி கூப்பிட்டார். "ஒங்ககிட்ட இல்லாத படமா மாப்ள? ஏதாச்சும் ஒண்ணு அனுப்புங்க." அவர் குத்திக்காட்டவில்லை, அந்த மனிதருக்கு அப்படிப் பேசத் தெரியாது. நான் அவளுடைய ஆதார் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினேன்.

ஆதார் படத்தில் யார்தான் மனிதராகத் தெரிகிறார்கள்? களவாணியைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி இருப்போம் எல்லோரும். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற எரிச்சலோடு, முறைத்துக்கொண்டு, ரோஜாப்பூ பார்டருக்கு நடுவே என் மனைவி பஸ் ஸ்டாப்பில் தொங்கினாள். எங்கே போவதென்றாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். இதையா உன் மூஞ்சி என்று ஊருக்குக் காட்டினேன் என்று ஒவ்வொரு முறையும் அவளிடமே கேட்டுக்கொண்டு போனேன்.

திருச்சியில் நர்சிங் படிக்கும் எங்கள் மகள் அந்த பிளக்ஸைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள்தான் சொன்னாள். "அப்பா, படத்திறப்புக்கு இந்தப் படம் வேணாம்ப்பா. அம்மா மாதிரியே இல்ல. நீங்க எடுத்ததுல நல்லதா ஒண்ணு பாருங்க."

"பாக்குறேன்டா" என்றேன்.

நான் வளைகுடாவில் பதினான்கு வருடம் ஓட்டுநராக இருந்தேன். அறைத்தோழர் ஒருவர் வேலையை விட்டுக் கிளம்பும்போது அவருடைய கேமராவை மலிவாகக் கொடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமலே வாங்கினேன். ஊருக்கு வந்து லோடு ஆட்டோ எடுத்த பிறகு, மண்டியில் தேங்காய் இறக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். அப்படித்தான் இந்த ஸ்டாக் போட்டோ சமாசாரம் தெரியவந்தது. நாம் எடுத்த படத்தை ஒரு இணையதளத்தில் ஏற்றி வைத்தால், விளம்பரக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் தங்களுக்குத் தேவையானதை விலை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். நம் பெயர் யாருக்கும் தெரியாது. படத்தில் இருப்பவர் யாரென்றும் தெரியாது. கடைச் சரக்கு மாதிரி, வேண்டியவர் வந்து எடுத்துப் போவார்.

ஆரம்பத்தில் போட்ட படங்களை எல்லாம் தூக்கி எறிந்தார்கள். கூர்மை இல்லை என்பார்கள், வெளிச்சம் போதாது என்பார்கள், எண்ணெய் டின்னில் கம்பெனி முத்திரை தெரிகிறது என்பார்கள். சொந்த ஊரில் செம்மண்ணையும் தென்னந்தோப்பையும் எடுத்து அனுப்பினால், இதே போல் எங்களிடம் நிறைய இருக்கிறது என்று பதில் வந்தது. அன்று எனக்கு வந்த கோபத்துக்கு கேமராவைக் கிணற்றில் போட்டிருப்பேன். அவள்தான் சிரித்தாள். "எவனோ வேணாங்குறதுக்கு நீங்க ஏன் சோத்த வேணாங்குறீங்க? வாங்க, சாப்புடுங்க."

முதன்முதலில் ஏற்றுக்கொள்ளப்பட்டது அவள் கைதான்.

வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். சுளகில் தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். சாய்ந்த வெயில் விரல்களின் மேல் விழுந்திருந்தது. எடுத்தேன், ஏற்றினேன், இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் விற்றும் விட்டது. "என் கைய யாருங்க வாங்குனா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "வாங்குனவுக யாருன்னு தெரியாம எப்படிக் குடுத்தீங்க?" என்று அதற்கும் சிரித்தாள். பிறகு ஒருநாள் மூட்டுவலி பற்றிய ஒரு கட்டுரையில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துக் காட்டினேன். "எனக்கு எங்கிட்டு மூட்டுவலி?" என்று விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினாள். தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நான் விடவில்லை. புளி ஆயும் கை, முருங்கைக்கீரை உருவும் கை, மாவு பிசையும் கை, போன் பிடித்திருக்கும் கை, கோலம் போடும் கை, செருப்பில்லாத கால், ஈரத்தலையின் பின்பக்கம். எதிலும் முகம் கிடையாது. முகம் தெரிந்தால் அந்த ஆளிடம் சம்மதப் படிவம் வாங்க வேண்டும். பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து, அதற்கு மேல் ஒரு சாட்சியின் கையெழுத்து. எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு அந்தப் படிவத்தைப் பார்த்தாலே ஆகாது. முகம் இல்லாவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

ஒருநாள் அவளே கேட்டாள். "ஏங்க, கைய மட்டுமே எடுக்குறீகளே, மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். சாட்சிக் கையெழுத்து வரை சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"புருசன் பொண்டாட்டிய போட்டோ எடுக்குறதுக்குச் சாட்சியா? நம்ம கல்யாணத்துக்கே எவனும் கையெழுத்து கேக்கலையே!"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கையைக் கொஞ்சம் வெயிலுக்கு நகர்த்தச் சொன்னேன். விற்பதற்கு இல்லாமல் வீட்டுக்காக ஒன்று எடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. கேமரா என் கையில், அவள் என் எதிரில், கேட்டது அவள் வாயால். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு எப்படிச் சொல்வது?

நான் வெளிநாட்டில் இருந்தபோது எனக்கு அவள் முகம் மட்டும்தான் இருந்தது. வீடியோ காலில் முகம் தெரியும், கழுத்து தெரியும், அதற்குக் கீழே எதுவும் தெரியாது. அந்தக் கையால் ஒரு வாய் சோறு கிடைக்காதா என்று அங்கே ஏங்கியிருக்கிறேன். ஊருக்கு வந்தேன், கை கிடைத்தது. முகத்தைப் படம் பிடிக்கத் தோன்றவில்லை. இருக்கிற முகம்தானே, எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு.

அவளுடைய இடது கையில், மணிக்கட்டுக்கு மேல், என் பெயரின் முதல் எழுத்தைப் பச்சை குத்தியிருந்தாள். நான் வெளிநாட்டில் இருந்தபோது கோயில் திருவிழாவுக்குப் போய்க் குத்திக்கொண்டது. போனில் கேமரா முன்னால் கையைத் தூக்கிக் காட்டினாள். அன்று நான் அழுதேன். ஆனால் பச்சை குத்தின கை ஒரு ஆளை அடையாளம் காட்டிவிடுமாம், அதற்கும் படிவம் வேண்டுமாம். அதனால் லேப்டாப்பில் அந்த எழுத்தின் மேல் பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டி ஒட்டி மறைக்கக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. இத்தனை படங்களில் ஒன்றில்கூட அது இருந்த சுவடு தெரியாது.

படத்தை ஏற்றும்போது அதோடு தேடுசொற்கள் கொடுக்க வேண்டும். கிராமம், பெண், கை, உழைப்பு, சமையல், இந்தியா என்று ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே போவேன். கடைசியில் எல்லாப் படத்துக்கும் பொதுவாக ஒன்று: முகம் தெரியாத படங்களையே தேடுகிறவர்கள் இருக்கிறார்களாம், அவர்களுக்காக. தமிழில் சொன்னால், 'அடையாளம் தெரியாத ஆள்'. பேப்பரில் ரயில்வே லைன் ஓரம் கிடந்ததாக வரும் செய்தியில் எழுதுவார்களே, அதே வார்த்தை. என் மனைவியின் பெயர் வர வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கான தடவை அதை அடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட உறுத்தவில்லை.

அவள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நெஞ்சைப் பிடிக்கிறது, வாய்வாக இருக்கும் என்று ஓமத்தண்ணி குடித்தாள். நானும் வாய்வு என்றுதான் நினைத்தேன். லோடுக்குக் கிளம்பியவனிடம் "கொஞ்சம் இருங்க" என்றாள். ஒருநாளும் அப்படிச் சொல்லாதவள். ஆம்புலன்ஸ் வந்தது, அறந்தாங்கியில் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. என் கைக்குள் இருந்த அவள் கை சில்லிட்டுப் போனது எனக்குத் தெரிந்தது. அந்தக் கையை என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

மகளுக்கு வாக்குக் கொடுத்த அன்றே தேட உட்கார்ந்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள். கை, கை, கை, கால், முதுகு, முந்தானை. கல்யாண ஆல்பத்தை எடுத்தோம். அதில் அவள் இருபது வயதுப் பெண், ஒரு படத்திலும் தலை நிமிரவில்லை. விசேஷ வீடுகளில் எடுத்த கூட்டப் படங்களில் யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதிக் கண் தெரிந்தது. மகளின் போனில் சில இருந்தன. எல்லாம் முகத்தை வெள்ளையடித்து மூக்கைச் சின்னதாக்கும் கேமராவில் எடுத்தவை. "எடுக்குறப்ப சும்மா வெளையாட்டுக்குப்பா" என்று சொல்லிவிட்டு மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

தேடிக்கொண்டிருந்தபோதுதான் எண்களைக் கவனித்தேன். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக எண் போடும். 4412, 4413, அடுத்தது 4415. 4420, 4421, பிறகு 4423. நடுவில் ஒன்று இல்லை. எந்த நாளை எடுத்தாலும் இப்படித்தான். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் எழுந்து வெளியே போய் நின்றேன்.

அவள் குனிந்து வேலை செய்துகொண்டே இருப்பாள். நான் எடுத்துக்கொண்டே இருப்பேன். முதுகு வலித்ததும் தலையை நிமிர்த்தி, "போதுமாங்க?" என்பாள். சில நேரம் அந்த நொடியில் பட்டனை அழுத்தியிருப்பேன். நான் கேமராவின் திரையைப் பார்த்தபடி, "இன்னும் ஒண்ணே ஒண்ணு புள்ள" என்பேன். அவள் மறுபடி குனிவாள். முகம் விழுந்த அந்தப் படத்தை அங்கேயே, அவள் எதிரிலேயே, அழிப்பேன். மெமரி கார்டில் இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு என்று.

காணாமல் போன எண்கள் அத்தனையும் அவள் முகம்.

கேமரா பையைக் கொட்டினேன். ஓரத்துப் பையில் ஒரு பழைய கார்டு கிடந்தது. முதல் வருடம் பயன்படுத்தியது. அடிக்கடி தகராறு செய்ததால் ஒதுக்கி வைத்தது. அழித்த படங்களை மீட்டுத் தர ஆள் இருப்பதாக அதே வீடியோக்களில் கேள்விப்பட்டிருந்தேன். பத்தாம் நாள் அன்று புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் கார்டைச் செருகிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வரும்ணே, எல்லாம் வராது. என்னண்ணே இருந்துச்சு, கல்யாண ஆர்டரா?" என்றார். வீட்டுப் படம் என்றேன்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பாதிக்கு மேல் சாம்பல் பட்டையாக நின்றவை. நெற்றியும் கண்ணும் வந்து அதற்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனவை. ஒன்றில் கண் மூடியிருந்தாள். ஒன்றில் கை முகத்தை மறைத்தது. கடைசியில் ஒரே ஒரு படம் முகத்தோடு முழுசாக வந்தது.

கடலைச் சுளகு. அவள் தலை நிமிர்ந்திருக்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நெற்றியில் வேர்வை, காதோரம் ஒட்டியிருக்கும் முடி. சிரிப்பு வரப் போகிறது, இன்னும் வரவில்லை. இடது கையில் என் எழுத்து அப்படியே இருக்கிறது. ஆனால் அன்று நான் கூர்மை வைத்தது கைக்கு. விரல் நகத்தின் இடுக்கில் இருக்கும் செம்மண் வரை துல்லியம். முகம் கலங்கலாக, ஒரு அடி பின்னால். இணையதளத்துக்கு அனுப்பியிருந்தால் நிமிடத்தில் தூக்கி எறிந்திருப்பார்கள். நான் மட்டும் என்ன, தூக்கித்தானே எறிந்தேன்.

கடையிலேயே அழுதுவிட்டேன். அந்த மனிதர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார்.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். "இப்ப ஏஐ வந்துருச்சுண்ணே. மங்கலா இருந்தாலும் பளிச்சுனு ஆக்கிரும்." செய்து காட்டினார். பளிச்சென்றுதான் வந்தது. இமை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம். பல்வரிசை சீராக இருந்தது. அழகான ஒரு பெண் என்னைப் பார்த்து வாயைத் திறந்திருந்தாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் காட்டினேன். தெளிவாக இருந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுக்கினாள். "இது யாரோப்பா." மங்கலாக இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இதான்ப்பா. இதையே போடுங்க."

பதினாறாம் நாள் பந்தல் நிறைய ஆட்கள். போட்டோக்காரர் வீட்டுப் படம் என்பதால் ஒரு எதிர்பார்ப்பு வேறு. என் மச்சான் முகம் கழுவி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து துணியை விலக்கினார். கூட்டத்தில் சட்டென்று அழுகை எழவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மச்சான் என் காதருகே குனிந்தார். "என்ன மாப்ள, கலங்கலா இருக்கு? பிரிண்டு சரியா விழலையா?"

"நான் எடுத்ததுதான் மச்சான். நான்தான் சரியா எடுக்கல" என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். அதுவரை பதினாறு நாளும் உடையாத மனிதர் அங்கே உடைந்தார். நல்ல வேளை, எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தார்.

முன் வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் என் மனைவியும் சேர்ந்துதான் கடலை உடைப்பார்கள். "ஆத்தாடி, எதையோ கேக்குற மாதிரியே இருக்காளே" என்றார். "என்னத்தடி கேக்குற?" என்று படத்தைப் பார்த்தே கேட்டார்.

"போதுமான்னு கேக்குறாங்க பெரியம்மா" என்றாள் என் மகள். அப்போதுதான் பந்தல் முழுக்க அழுகை எழுந்தது.

படம் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. இணையதளத்தில் அவள் கைகள் இன்னும் விற்கின்றன. எப்போதாவது போனில் செய்தி வரும், யார் வாங்கினார்கள் என்று இப்போதும் தெரியாது. நான் புதிதாக எதையும் ஏற்றுவதில்லை. காலையில் லோடுக்குக் கிளம்பும் முன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அந்தப் படத்தின் முன் நிற்கிறேன். தலை நிமிர்ந்து, வாய் பாதி திறந்து, போதுமாங்க என்கிறாள். என்னிடம் இருப்பது அன்றைய பதில்தான்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு புள்ள.